சம்மன் வந்தால் சும்மா இருக்கலாமா?

சிவில் வழக்கில் எதிராளி சொல்வதை மட்டும் கேட்டு கோர்ட் தீர்ப்பு சொல்லிவிடுவதை ஒருதலைப்பட்சத் தீர்ப்பு என்கிறோம். கோர்ட் வளாகத்தில் அதற்கு 'எக்ஸ்பார்ட்டி' என்றுதான் பெயர். அதைத் தவிர்ப்பது பற்றியும், வந்த பிறகு நீக்குவது பற்றியும் வந்திருக்கும் கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறோம்.

கொடுக்கல் வாங்கலில் ஒருவர் என் மேல் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டிருக்கிறார். அமீனா வீட்டுக்கு வந்து சம்மன் கொடுத்துக் கையெழுத்து வாங்கிப் போனார். 40 நாள் கழித்துத்தான் வாய்தா. அதுவரை காத்திருக்கலாமா? — திண்டுக்கல்

காத்திருக்கக் கூடாது. வாய்தா தேதி வேறு, பதில் தாக்கல் செய்யும் கெடு வேறு. சிவில் நடைமுறைச் சட்டம், கட்டளை 8, விதி 1-ன்படி சம்மன் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எதிருரை, அதாவது வழக்குக்கு உங்கள் எழுத்துப்பூர்வமான பதிலை, தாக்கல் செய்ய வேண்டும். ஜூன் 3-ல் சம்மன் வாங்கியிருந்தால் ஜூலை 3 கடைசி நாள். கோர்ட் காரணத்தை எழுதி வைத்து அவகாசத்தை நீட்டலாம். அந்த நீட்டிப்பும் சம்மன் வந்த நாளிலிருந்து 90 நாளைத் தாண்டக் கூடாது என்கிறது விதி. உங்கள் கணக்கில் அது செப்டம்பர் 1. முதல் வாய்தாவில் இருந்துதான் 30 நாள் எண்ணுவார்கள் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர்.

முதலில் சம்மனை முழுதாகப் படியுங்கள். எந்த கோர்ட், ஓ.எஸ். எண் (அசல் வழக்கு எண்), ஆண்டு, வாய்தா தேதி, சம்மன் கைக்கு வந்த தேதி எல்லாவற்றையும் அதன் பின்பக்கத்திலேயே குறித்து வையுங்கள். சம்மனோடு பிராது (வாதி கொடுத்த வழக்கு மனு) நகல் இணைந்திருக்க வேண்டும் என்பது கட்டளை 5, விதி 2. இணைக்காமல் வெறும் தாளை மட்டும் கொடுத்திருந்தால், "பிராது நகல் இல்லை" என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுவது நல்லது. கையெழுத்துப் போட்டு முடித்தாகிவிட்டதா? வக்கீல் மூலம் நகல் கேட்டு வாங்குங்கள். நகல் வரவில்லை என்ற குறையை முதல் வாய்தாவிலேயே பதிவு செய்யுங்கள்.

அடுத்த வேலை வக்காலத்து, அதாவது உங்களுக்காக ஆஜராக வக்கீலுக்கு அதிகாரம் தரும் பத்திரம். வக்கீலிடம் போய்ப் பேசிவிட்டு வந்தால் மட்டும் போதாது. வக்காலத்தில் உங்கள் கையெழுத்து விழுந்து அது கோர்ட்டில் தாக்கலாக வேண்டும். "வக்கீலைப் பார்த்தாச்சு" என்று பிரதிவாதி நிம்மதியாக இருப்பார். "கட்சிக்காரர் பீஸோடு வருவார்" என்று வக்கீல் காத்திருப்பார். வாய்தா அன்று பெயரை மூன்று முறை கூப்பிடும்போது இரண்டு பேருமே அங்கே இருக்க மாட்டார்கள்.

வக்காலத்து தாக்கலானதும் உங்கள் வழக்குக்கே உரிய 16 இலக்க அடையாள எண்ணான சி.என்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, எதற்காக என்பது தெரியும். வக்கீல் சொல்லும் தேதியும் செயலி காட்டும் தேதியும் வேறுபட்டால் அன்றே கேட்டுத் தெளிவாகுங்கள்.

சம்மனை வாங்காமல் திருப்பி அனுப்பினால் வழக்கு நடக்காது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறாரே? — கும்பகோணம்

வழக்கு நடக்கும். நீங்கள் மட்டும்தான் அதில் இருக்க மாட்டீர்கள்.

வாங்க மறுத்தார் என்று தபால்காரரோ அமீனாவோ குறிப்பு எழுதித் திருப்பினால், சம்மன் முறைப்படி சேர்ந்ததாக கோர்ட் அறிவித்துவிடலாம். சரியான முகவரிக்கு ஒப்புகை அட்டையோடு தபால் அனுப்பியிருந்து, அட்டை 30 நாளுக்குள் திரும்பி வராவிட்டாலும் அதே முடிவுக்கு வரலாம். நீங்கள் வீட்டில் இல்லை, உடனே வரும் வாய்ப்பும் இல்லை என்றால் உங்களோடு வசிக்கும் வயது வந்த குடும்பத்தார் யாரிடமும் கொடுக்கலாம், ஆண் பெண் பேதமில்லை. வேலைக்காரர் மட்டும் இந்தக் கணக்கில் சேர மாட்டார் என்று கட்டளை 5, விதி 15-ன் விளக்கமே சொல்கிறது. கதவில் ஒட்டிவிட்டுப் போக விதி 17 இடம் கொடுக்கிறது. ஆள் ஒளிந்து திரிகிறார் என்று கோர்ட் நம்பினால் விதி 20-ன்படி பத்திரிகை விளம்பரம். யார் கண்ணிலும் படாத மூலையில் அது வெளியாகி இருக்கும், ஆனாலும் சட்டத்தில் அது சம்மன்தான்.

ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வையுங்கள். கதவில் ஒட்டியதாகச் சொல்லும்போது, வீட்டை அடையாளம் காட்டியவர் யார், யார் முன்னிலையில் ஒட்டப்பட்டது என்பதை அறிக்கையில் எழுத வேண்டும். அந்தக் குறிப்பு இல்லாத அறிக்கை பின்னாளில் உங்களுக்கு உதவும். மறுத்து அனுப்பியவருக்கு அந்த உதவியும் கிடையாது.

கேவியட் போட்டு வைத்திருக்கிறேன். அதனால் வழக்கில் எனக்குத் தெரியாமல் எதுவும் நடக்காதுதானே? — ஈரோடு

கேவியட் என்பது, எனக்குச் சொல்லாமல் உத்தரவு போட வேண்டாம் என்று முன்கூட்டியே கோர்ட்டில் போட்டு வைக்கும் மனு. அது 90 நாள்தான் செல்லும். அந்த நாட்களுக்குள் எதிராளி தடை உத்தரவு போன்ற இடைக்கால மனு போட்டால் உங்களுக்கு அறிவிப்புத் தர வேண்டும், அவ்வளவே. அது எதிருரையும் ஆகாது, வக்காலத்தும் ஆகாது. சம்மன் வந்த பிறகு கேவியட்டை நம்பிச் சும்மா இருந்தால் எக்ஸ்பார்ட்டி தாராளமாக வரும்.

சம்மன் வந்து 110 நாள் ஆகிவிட்டது. வக்காலத்து போட்டாயிற்று, எதிருரை போடவில்லை. இனி வழியே இல்லையா? — சேலம்

உங்களுடையது சாதாரண சிவில் வழக்கா, வணிக வழக்கா என்பதைப் பொறுத்தது.

சாதாரண வழக்கு என்றால் கதவு இன்னும் சாத்தவில்லை. 90 நாள் கெடு வழிகாட்டும் விதிதான், மீறினால் உரிமை தானாகப் பறிபோய்விடாது என்று 2005-ல் 'கைலாஷ் எதிர் நன்ஹ்கு' வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கூடவே, தாமதத்தை மன்னிப்பது விதிவிலக்காகத்தான் இருக்க வேண்டும், வழக்கமாகிவிடக் கூடாது என்றும் சொன்னது. ஆகவே காரணம் சொல்லி மனுவும் பிரமாணப் பத்திரமும், அவற்றோடு தயாரான எதிருரையும் ஒரே நாளில் தாக்கல் செய்யுங்கள். வெறும் கையோடு போய் "இன்னும் இரண்டு வாரம்" என்று கேட்பவருக்கும், எதிருரையைக் கையில் வைத்துக்கொண்டு "ஏற்றுக்கொள்ளுங்கள்" என்பவருக்கும் கோர்ட்டில் கிடைக்கும் மரியாதை ஒன்றல்ல. செலவுத்தொகை கட்டச் சொல்லலாம். சொன்ன தேதிக்குள் கட்டிவிடுங்கள். கட்டத் தவறினால் கிடைத்த அனுமதியும் போய்விடும்.

வணிக வழக்காக இருந்தால் சங்கடம். 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாத வணிகத் தகராறுகள் 2015-ம் ஆண்டு வணிக நீதிமன்றச் சட்டத்தின் கீழ் வரும். அங்கே 120 நாள்தான் எல்லை. அதைத் தாண்டினால் எதிருரை தாக்கல் செய்யும் உரிமையே போய்விடும், கோர்ட் நினைத்தாலும் நீட்ட முடியாது. 2019-ல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்துவிட்டது. 110 நாள் ஆன உங்களுக்கு அங்கே இருப்பது 10 நாள். இதைப் படித்து முடித்ததும் வக்கீலுக்குப் போன் செய்யுங்கள்.

எதிருரை போடவே முடியாமல் போனாலும் வழக்கை அப்படியே விட்டுவிடாதீர்கள். வாதியின் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவும், அவர் வழக்கில் உள்ள ஓட்டைகளைக் காட்டி வாதாடவும் அனுமதி கேட்கலாம். உங்கள் தரப்புக் கதையைத்தான் சொல்ல முடியாது.

புரோநோட்டு வழக்கு. எதிருரையில் 'பிராதில் கண்டவை அனைத்தும் பொய்' என்று ஒரு வரி எழுதினால் போதுமா? நான் வாங்கியது 1 லட்சம், அவர் 3 லட்சம் என்கிறார். — விருதுநகர்

போதாது. அந்த ஒரு வரி உங்களையே கவிழ்த்துவிடும்.

பிராதில் சொல்லியிருக்கும் சங்கதியைக் குறிப்பாக மறுக்காவிட்டால் அதை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளலாம் என்கிறது கட்டளை 8, விதி 5. மொத்தமாக மறுப்பது செல்லாது என்கிறது விதி 3. உங்கள் கேள்விக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருப்பது விதி 4. இவ்வளவு தொகை வாங்கினார் என்று வாதி சொன்னால், "அவ்வளவு வாங்கவில்லை" என்று மட்டும் சொல்வது மழுப்பல். அந்தத் தொகையையோ அதில் எந்தப் பகுதியையுமோ வாங்கவில்லை என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் எவ்வளவு வாங்கினீர்கள் என்பதைச் சொல்ல வேண்டும். நீங்கள் 1 லட்சம் வாங்கியது உண்மையென்றால் அதை எந்தத் தேதியில், எப்படி வாங்கினீர்கள், எவ்வளவு திருப்பிக் கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள். மிச்சம் 2 லட்சத்தைக் குறிப்பாக மறுங்கள்.

எழுதும் முறை இதுதான்: பிராதின் பாரா எண்ணை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லுங்கள். ஊர், முகவரி, உறவு போன்ற உண்மையான சங்கதியை ஒப்புக்கொள்வதில் நட்டமில்லை. எல்லாவற்றையும் மறுப்பவரின் உண்மையான மறுப்புக்கும் மதிப்பு குறைந்துவிடும். அதன் பிறகு உங்கள் தரப்பைத் தனியாக எழுதுங்கள்.

புரோநோட்டில் முதலில் முடிவு செய்ய வேண்டியது கையெழுத்து. அது உங்களுடையது இல்லையென்றால் தெளிவாக மறுங்கள். அப்போது நிரூபிக்கும் பாரம் வாதியிடம் இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க அதே காலத்தில் நீங்கள் வங்கியிலோ பத்திரப் பதிவிலோ போட்ட கையெழுத்துகளைத் தேடி வையுங்கள். வழக்கு வந்த பிறகு போட்ட கையெழுத்து ஒப்பீட்டுக்கு உதவாது. கையெழுத்து உங்களுடையது என்று ஒப்புக்கொண்டால், மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 118-ன்படி பணம் கைமாறியது என்றே கோர்ட் அனுமானிக்கும். அதை உடைப்பது உங்கள் வேலை. "எழுதாத நோட்டில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தேன்" என்பது ஊரெல்லாம் சொல்லும் வாதம், தனியாக நின்றால் பலவீனமானது. ஸ்டாம்பு ஒட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அதைப் பூர்த்தி செய்ய வாங்கியவருக்கு அதிகாரம் கொடுத்ததாகவே பிரிவு 20 பார்க்கிறது. அந்த நோட்டு எதற்காகக் கொடுக்கப்பட்டது, சீட்டுக்கா, பழைய கடனுக்கா என்பதைச் சொல்லி அதற்கு ஆதாரமும் காட்டினால்தான் அந்த வாதம் நிற்கும்.

அடுத்து தேதி. கேட்டவுடன் தர வேண்டிய புரோநோட்டுக்கு எழுதிய நாளிலிருந்து 3 ஆண்டு காலவரம்பு. அதற்குள் நீங்கள் கொஞ்சம் பணம் கட்டி, நோட்டின் பின்பக்கம் உங்கள் கைப்பட எழுதியோ கையெழுத்திட்டோ இருந்தால் அந்த நாளிலிருந்து புதிதாக 3 ஆண்டு ஓடும். பின்பக்க வரவு உங்கள் கையெழுத்தா, 3 ஆண்டு முடிவதற்கு முன் போட்டதா என்று பாருங்கள். அசல் நோட்டைக் கோர்ட்டிலேயே பார்வையிடக் கேட்கலாம். நகலில் மையின் வித்தியாசம் தெரியாது.

நீங்கள் நம்பும் ஆவணங்களை எதிருரையோடு பட்டியலிட்டுத் தாக்கல் செய்யுங்கள். வங்கிக் கணக்கு அறிக்கை, செல்போன் வழிப் பணப் பரிமாற்றப் பதிவு, ரசீது எல்லாமே அதில் சேரும். விட்டுப்போனதைப் பிறகு சேர்க்க கோர்ட்டின் தனி அனுமதி வேண்டும். கடைசிப் பக்கத்தில் உறுதிமொழிப் பகுதியில் நீங்களே கையெழுத்திட வேண்டும், கூடவே பிரமாணப் பத்திரமும். வெளியூரில் இருக்கும் கட்சிக்காரர் கையெழுத்துக்காக எதிருரை மேசையில் கிடந்து கெடு தாண்டுவதும் உண்டு.

சென்னை சிட்டி சிவில் கோர்ட்டில் இருந்து வந்த சம்மனில் 'கட்டளை 37' என்றும் 10 நாள் என்றும் இருக்கிறது. எல்லோரும் 30 நாள் என்கிறார்களே? — திருவொற்றியூர்

உங்களுடையது சுருக்க விசாரணை வழக்கு. காசோலை, புரோநோட்டு, எழுத்து ஒப்பந்தப்படியான பணம் ஆகியவற்றுக்கு இப்படிப் போடலாம். இதில் 30 நாள் என்ற பேச்சே இல்லை. சம்மன் வந்த 10 நாளுக்குள் நேரிலோ வக்கீல் மூலமோ ஆஜராகி, உங்களுக்கு அறிவிப்பு அனுப்பும் முகவரியையும் கொடுக்க வேண்டும். தவறினால் பிராதில் சொன்னதெல்லாம் ஒப்புக்கொண்டதாகி, அப்போதே தீர்ப்பு.

ஆஜரான பிறகு வாதி இரண்டாவதாக ஒரு சம்மன் அனுப்புவார். அது வந்த 10 நாளுக்குள், எதிர்த்து வழக்காட அனுமதி கேட்டு பிரமாணப் பத்திரத்தோடு மனு போட வேண்டும். இந்த இரண்டாவது பத்தில்தான் பலர் விழுகிறார்கள், முதலில் ஆஜரானதே போதும் என்று நினைத்து. போதிய காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் இந்த வகைத் தீர்ப்பை நீக்க 'விசேஷ சூழ்நிலை' காட்ட வேண்டும், அது சாதாரண எக்ஸ்பார்ட்டியை நீக்குவதைவிடக் கடினம்.

என் கம்பெனிக்கு சம்பளப் பிடித்தம் பற்றி கோர்ட் நோட்டீஸ் வந்ததும்தான் என் மேல் தீர்ப்பு இருப்பதே தெரியும். சம்மன் பழைய வாடகை வீட்டுக்குப் போயிருக்கிறது. என்ன செய்வது? — ஓசூர்

நீளமாகச் சொல்ல வேண்டிய விஷயம். முதலில் சம்பளம் பற்றிய பயத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 60-ன்படி சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொட முடியாதவை. ஜீவனாம்சத் தீர்ப்புக்கு மட்டும் கணக்கு வேறு. கணக்கில் வரும் சம்பளம் 31,000 என்றால் 1,000 போக மீதி 30,000, அதில் 20,000 பாதுகாப்பானது. பிடிக்கக்கூடியது 10,000. ஒரே தீர்ப்புக்காக மொத்தம் 24 மாதம் பிடித்துவிட்டால் அதன் பிறகு அந்தத் தீர்ப்புக்காகச் சம்பளத்தைத் தொட முடியாது.

இனி தீர்ப்பை நீக்கும் வழி. கட்டளை 9, விதி 13-ன் கீழ் தீர்ப்புச் சொன்ன அதே கோர்ட்டில் மனு. இரண்டு காரணங்களில் ஒன்றைக் காட்ட வேண்டும்: சம்மன் முறைப்படி சேரவில்லை அல்லது போதிய காரணத்தால் ஆஜராக முடியவில்லை. உங்களுடையது முதல் வகை. பழைய வீட்டைக் காலி செய்த தேதியை நிரூபிப்பதில்தான் உங்கள் மனுவின் உயிர் இருக்கிறது. புதிய வாடகை ஒப்பந்தம், கேஸ் இணைப்பு மாற்றியது, ஆதார் முகவரி திருத்தம், பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை என்று தேதி காட்டும் எதுவும் உதவும். கோர்ட் கோப்பில் இருக்கும் சம்மன் அறிக்கையைப் பார்வையிட்டு, யாரிடம் கொடுத்ததாக எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஒன்று மட்டும் கவனம்: சம்மன் சேர்த்ததில் சின்னக் குறை இருந்தாலும், வாய்தா தேதி உங்களுக்கு எப்படியோ தெரிந்து ஆஜராகப் போதிய நேரமும் இருந்திருந்தால், அந்தக் குறைக்காக மட்டும் தீர்ப்பை நீக்க மாட்டார்கள்.

காலவரம்பு 30 நாள். தீர்ப்புத் தேதியிலிருந்து எண்ண வேண்டும். சம்மன் முறைப்படி சேராதவருக்கு மட்டும் தீர்ப்பு தெரிய வந்த நாளிலிருந்து. ஆகவே கம்பெனிக்கு நோட்டீஸ் வந்த தேதி உங்களுக்கு முக்கியம். மனிதவளப் பிரிவிடம் அதன் நகலை வாங்கி வையுங்கள். சான்றிட்ட நகல் கைக்கு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மேல்முறையீட்டில் நகல் வாங்கிய நாட்களைக் கழிப்பார்கள், இந்த மனுவுக்கு அப்படிக் கழிக்க மாட்டார்கள். நகல் மனு ஒரு பக்கம் போகட்டும், இந்த மனுவைத் தாக்கல் செய்துவிடுங்கள்.

30 நாள் தாண்டியிருந்தால் காலவரம்புச் சட்டம் பிரிவு 5-ன் கீழ் தாமதத்தை மன்னிக்கக் கேட்டு இன்னொரு மனு. எத்தனை நாள் தாமதம் என்ற எண்ணைச் சரியாகக் கணக்கிட்டு எழுதுங்கள். 212 நாள் தாமதத்தை 182 என்று எழுதினால் மனு திரும்பி வரும். பிரமாணப் பத்திரத்தில் தேதி, இடம், ஆவணம் இருக்க வேண்டும். "மஞ்சள் காமாலையால் படுத்த படுக்கையாக இருந்தேன், நாட்டு வைத்தியம் பார்த்தேன்" என்ற வரியைத் தமிழ்நாட்டுக் கோர்ட்டுகள் எத்தனையோ முறை படித்துவிட்டன. உண்மையிலேயே காமாலை வந்தவர்கூட ரத்தப் பரிசோதனை அறிக்கை இல்லாமல் அதை எழுதுவது புத்திசாலித்தனம் இல்லை. பொய்க் காரணம் குறுக்கு விசாரணையில் உடையும்போது, உண்மையான காரணமும் அதோடு சேர்ந்து போய்விடும்.

பலர் தவறவிடுவது இதைத்தான்: நீக்கக் கோரி மனு போட்டதாலேயே நிறைவேற்று மனு (தீர்ப்பை அமல்படுத்த வாதி போடும் மனு) நின்றுவிடாது. அதற்குத் தனியாகத் தடை கேட்க வேண்டும். கோர்ட் தீர்ப்புத் தொகையில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லித் தடை தரலாம். பணத்தை முன்கூட்டியே ஏற்பாடு செய்து கொள்ளுங்கள், நிபந்தனைத் தேதி ஒரு நாள் தவறினாலும் தடை போய்விடும். நீக்கும் மனுவோடு எதிருரையையும் இணைத்துவிடுங்கள். நீக்கினால் வழக்கில் சொல்ல உங்களிடம் ஏதாவது இருக்கிறதா என்பதை நீதிபதி பார்க்க விரும்புவார்.

விதி 13 மனு தள்ளுபடியானால் கட்டளை 43-ன் கீழ் மேல்முறையீடு உண்டு. இன்னொரு வழி, எக்ஸ்பார்ட்டி தீர்ப்பின் மீதே பிரிவு 96(2)-ன் கீழ் நேரடி மேல்முறையீடு. ஆதாரமே இல்லாமல், காரணம் எழுதாமல் தீர்ப்புச் சொல்லியிருந்தால் அது பயன்படும். ஆனால் அந்த மேல்முறையீட்டைத் திரும்பப் பெறாமல் அது முடிவாகிவிட்டால் விதி 13 மனுவுக்கு இடமில்லை. சம்மன் சேரவில்லை என்பதுதான் உங்கள் குறை என்பதால் விதி 13-ஐ முதலில் பிடியுங்கள்.

போன வாய்தாவில் என்னை 'செட் எக்ஸ்பார்ட்டி' என்று எழுதிவிட்டார்களாம். வழக்கு முடிந்துவிட்டதா? — தஞ்சாவூர்

இல்லை. அது தீர்ப்பு அல்ல, நீங்கள் ஆஜராகவில்லை என்ற பதிவு. இனி வாதியின் சாட்சியம், பிறகுதான் தீர்ப்பு. அதற்கு முன் வரும் வாய்தாவிலோ அதற்கு முன்போ, கட்டளை 9, விதி 7-ன் கீழ் தகுந்த காரணம் சொல்லி அந்தப் பதிவை நீக்கக் கேட்கலாம். காரணத்தை கோர்ட் ஏற்றால், விட்ட இடத்துக்கே திரும்பிப் போகலாம். ஏற்காவிட்டாலும் அன்றிலிருந்து நடப்பதில் கலந்துகொள்ள உங்களுக்கு உரிமை இருக்கிறது. விசாரணை முடிந்து தீர்ப்புக்காக ஒத்திவைத்துவிட்டால் விதி 7-க்கு நேரம் கடந்துவிடும், பிறகு விதி 13 வரை காத்திருக்க வேண்டியதுதான். இந்த இரண்டுக்கும் நடுவே சில நாட்கள் மட்டுமே இருக்கலாம். இன்றே வக்கீலைப் பாருங்கள்.

வழக்குப் போட்டவரிடம் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டேன். 'வாபஸ் வாங்கிக்கிறேன், நீங்க கோர்ட்டுக்கு அலைய வேண்டாம் மாமா' என்றார். உறவுக்காரர், நம்பலாமா? — காரைக்குடி

நம்புங்கள், ஆனால் கோர்ட்டுக்குப் போங்கள். பணம் வாங்கியது பற்றிக் கோர்ட் கோப்பில் ஒரு வரிகூட இல்லாத நிலையில் நீங்கள் வராமலிருந்தால் வருவது எக்ஸ்பார்ட்டி. தீர்ப்பு வந்த பிறகு "வழக்கு நடக்கும்போதே கொடுத்துவிட்டேன்" என்று நிறைவேற்றும் கோர்ட்டில் சொன்னால் எடுபடாது. அந்த கோர்ட் தீர்ப்புக்குப் பின்னால் போய்ப் பார்க்க முடியாது.

இருவரும் கையெழுத்திட்ட சமரச மனுவைக் கட்டளை 23, விதி 3-ன் கீழ் தாக்கல் செய்து பதிவு செய்ய வையுங்கள். இல்லையென்றால் அவர் வழக்கை வாபஸ் வாங்கும் அன்று நீங்களோ உங்கள் வக்கீலோ கோர்ட்டில் நில்லுங்கள். புரோநோட்டின் அசலைத் திரும்பப் பெற மனு போடுவதையும் மறக்க வேண்டாம்.

தீர்ப்புக்குப் பின் வெளியே பணம் கொடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அதையும் கோர்ட்டில் பதிவு செய்ய வேண்டும். வாதி செய்யாவிட்டால் நீங்கள் 30 நாளுக்குள் மனு போட வேண்டும். பதிவாகாத பணத்தை நிறைவேற்றும் கோர்ட் கணக்கில் எடுக்காது. அதே கடனை இரண்டு முறை கட்டியவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

அண்ணன் பாகப்பிரிவினை வழக்குப் போட்டு என்னையும் சிங்கப்பூரில் இருக்கும் தம்பியையும் பிரதிவாதியாகச் சேர்த்திருக்கிறார். 'எல்லாம் பார்மாலிட்டி, நீ வர வேண்டாம் தங்கச்சி' என்கிறார். — பட்டுக்கோட்டை

பிராதை வாங்கிப் படியுங்கள். உங்களுக்கு எத்தனை பங்கு என்று எழுதியிருக்கிறார் என்பதைப் பார்த்தால் பார்மாலிட்டியா இல்லையா என்பது தெரிந்துவிடும். "தங்கைக்குத் திருமணத்தில் சீர் செய்துவிட்டோம், பங்கை விட்டுக்கொடுத்துவிட்டார்" என்று ஒரு பாரா இருந்து நீங்கள் பதில் சொல்லாமல் இருந்தால், அதை ஒப்புக்கொண்டது போல ஆகும். அசையாச் சொத்தின் பங்கை விட்டுக்கொடுக்கப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். வாய்ப்பேச்சு போதாது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை உண்டு, இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்ட 2005-ல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் சொல்லியிருக்கிறது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறைப்படி முடிந்துபோன பாகப்பிரிவினையை மட்டும் அது தொடாது. எதிருரையில் உங்கள் பங்கைக் குறிப்பிட்டு, அதற்குரிய கோர்ட் கட்டணத்தைக் கட்டி நீங்களும் பிரித்துத் தரக் கேளுங்கள்.

பங்கு விகிதத்தைச் சொல்வது முதல்நிலைத் தீர்ப்பு. அதன் பிறகு ஆணையர் வந்து அளப்பார். எந்தப் பக்கம் யாருக்கு என்பது இறுதித் தீர்ப்பில்தான் முடிவாகும். முதல் கட்டத்தில் காணாமல் போனவர் இரண்டாவது கட்டத்தில் வந்து தெருப் பக்கத்து மனையைக் கேட்பது சுலபமில்லை.

தம்பி வர முடியாவிட்டால் சிங்கப்பூர் இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்றுப் பொது அதிகாரப் பத்திரம் அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். கட்டாத பத்திரத்தைக் கோர்ட் சாட்சியமாக எடுக்காது. அதிகாரத்தை அண்ணன் பெயரில் கொடுத்துவிட வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறோம், ஆனாலும் சொல்லி வைக்கிறோம்.

வக்கீல் வைக்க வசதி இல்லை. நானே போய் நிற்கலாமா? — அரூர்

நிற்கலாம். சிவில் வழக்கில் கட்சிக்காரர் தாமே ஆஜராகி வாதாட உரிமை உண்டு. முதல் வாய்தாவில் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து நின்று, "பிரதிவாதி நேரில் ஆஜர், எதிருரைக்கு அவகாசம் வேண்டும்" என்று சொல்லுங்கள். சம்மனையும் அடையாள அட்டையையும் கையில் வைத்திருங்கள். காலை 10.30-க்கு முன்பே உள்ளே இருங்கள். டீ குடித்துவிட்டு வருவதற்குள் உங்கள் பெயர் போய்விடலாம்.

அதற்கு முன் மாவட்ட அல்லது வட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு ஒரு முறை போய் வாருங்கள். பெரும்பாலும் கோர்ட் வளாகத்திலேயே இருக்கும். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. தொலைபேசி உதவிக்கு 15100. மனுவோடு சம்மன் நகலையும் பிராது நகலையும் எடுத்துப் போங்கள். சம்மன் கைக்கு வந்த தேதியை முதல் வரியிலேயே எழுதுங்கள், கெடு எத்தனை நாள் பாக்கி என்பது பார்ப்பவருக்கு உடனே தெரியும்.